பிடித்த இசைக்குழுவின் டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? பாட்டுப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடும் முறை

பிரிட்டனின் கோல்ட்ப்ளே இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் விற்பனை 2024 செப்டம்பர் 22 அன்று நண்பகல் 12 மணிக்குத் தொடங்கியபோது, புக்மைஷோ தளத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் நுழைந்தார்கள். ₹2,500-இல் தொடங்கி ₹35,000 வரை பல விலைகளில் டிக்கெட்டுகள் இருந்தன. வரிசையில் முன்னேறி உள்ளே போனவருக்கு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சில நிமிடங்களே கிடைத்தன. எந்த இருக்கை வேண்டும், எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாதவர்கள், திரையில் எது காலியாக இருந்ததோ அதற்குப் பணம் கட்டினார்கள்; டிக்கெட் கிடைக்காதவர்களில் பலர் அன்று மாலையே மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சில நிமிடங்களில் எடுக்க வேண்டிய முடிவை, விற்பனைக்குச் சில வாரங்களுக்கு முன்பே ரசிகர் வட்டத்தில் உட்கார்ந்து பேசி எடுத்துவிட முடியும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ரசிகர்கள் எப்படியும் பாட்டுகளைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். அந்தப் பேச்சையே விலைக் கணக்குக்கு அடித்தளமாக்கிக்கொண்டால் பணமும் மிஞ்சும், மனத்தாங்கலும் குறையும். கோல்ட்ப்ளேயின் இந்திய நிகழ்ச்சிகளையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். முறை எந்தக் குழுவுக்கும் பொருந்தும்.

முதலில் பாட்டு

ஒரு குழு உங்கள் ஊருக்கு வருவதற்கு முன், அதே சுற்றுப்பயணத்தில் வேறு ஊர்களில் பல இரவுகள் பாடியிருக்கும். ஒவ்வோர் இரவும் எந்தப் பாட்டு எந்த வரிசையில் பாடப்பட்டது என்பதை ரசிகர்களே செட்லிஸ்ட் எஃப்எம் போன்ற தளங்களில் பதிவு செய்துவைக்கிறார்கள். கடைசியாக நடந்த ஐந்தாறு நிகழ்ச்சிகளின் பட்டியல்களை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். எல்லா இரவும் வரும் பாட்டுகள், மாறி மாறி வரும் பாட்டுகள், வரவே வராத பாட்டுகள் என்று மூன்று பகுதிகளாக அவை தாமே பிரிந்துவிடும்.

கோல்ட்ப்ளே 2022 மார்ச்சில் கோஸ்டா ரிகாவில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் நிகழ்ச்சியின் பெரும்பகுதி மாறாமலே இருந்தது. கோள்கள், நிலவுகள், விண்மீன்கள், வீடு என்ற நான்கு பகுதிகளாக அதை அமைத்திருந்தார்கள். 'யெல்லோ', 'விவா லா விடா', 'ஃபிக்ஸ் யூ' ஆகியவற்றைக் கேட்கத்தான் போகிறேன் என்பவர் தயங்கவே வேண்டியதில்லை. அவை வந்தே தீரும். ஆனால் முதல் இரண்டு ஆல்பங்களில் அதிகம் பேசப்படாத ஒரு பாட்டின் மேல் உயிரை வைத்திருப்பவர், அது வரும் என்ற நம்பிக்கையில் ₹12,500 கொடுப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். இரவுக்கு இரவு மாறும் இடங்கள் அந்த நிகழ்ச்சியில் மிகச் சிலவே. இதற்கு நேர்மாறாக, பேர்ல் ஜாம் போன்ற குழுக்கள் ஒவ்வோர் இரவும் பட்டியலைக் கணிசமாக மாற்றுகின்றன. அத்தகைய குழுவின் நிகழ்ச்சிக்குப் போகிறவர் எதிர்பாராத பாட்டுக்காகவே பணம் கொடுக்கிறார். அங்கே ஒரே ஊரில் இரண்டு இரவுகள் போவதிலும் பொருள் உண்டு. மாறாத பட்டியலுக்கு இரண்டு இரவுகள் போவது, என் கருத்தில், வசதியுள்ளவர்களின் விளையாட்டு.

வட்டத்தில் இதைப் பேசும்போது, "உனக்குப் பிடித்த பாட்டு எது" என்று கேட்காதீர்கள்; அந்தக் கேள்விக்கு விடை நாளுக்கு நாள் மாறும், வாதமும் முடியாது. "எந்த ஐந்து பாட்டுகளைக் கேட்டால் மனநிறைவோடு வீட்டுக்கு வருவாய்" என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்த ஐந்தில் எத்தனை அண்மைப் பட்டியல்களில் இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். ஐந்தில் நான்கு இருப்பவருக்கும் ஒன்று மட்டுமே இருப்பவருக்கும் ஒரே விலை நியாயமாக இராது. இதைச் செய்து பார்த்த பிறகு, வட்டத்திலேயே மிகத் தீவிரமான ரசிகர் என்று பெயர் எடுத்தவர் "எனக்கு மலிவான டிக்கெட் போதும்" என்று முடிவுக்கு வருவதும் உண்டு. அவருக்கு வேண்டியது பழைய பாட்டுகள்; அவை மேடைக்கே வருவதில்லை.

இருக்கையும் மேடையும்

விலை உயர்ந்த டிக்கெட் என்றால் நல்ல காட்சி என்று பொதுவாக எண்ணுகிறோம். பாதி அளவுக்கு அது சரி. கோல்ட்ப்ளே முதன்மை மேடையோடு நிற்பதில்லை. அங்கிருந்து நீளும் நடைபாதையின் முனையில் இரண்டாவது மேடையும், தரைப்பகுதியின் பின்கோடியில் கூட்டத்துக்கு நடுவே மூன்றாவதாக ஒரு சிறு மேடையும் உண்டு. கடைசிப் பகுதியில் அந்தச் சிறு மேடைக்கு வந்து, கருவிகளைக் குறைத்துக்கொண்டு சில பாட்டுகளைப் பாடுவார்கள். அந்த நேரத்தில் முதன்மை மேடைக்கு எதிர்க்கோடியில் குறைந்த விலைக்கு உட்கார்ந்திருப்பவரே அவர்களுக்கு நெருக்கமானவர். ஆகவே இருக்கை வரைபடம் வெளிவந்தவுடன், முந்தைய நிகழ்ச்சிகளின் ஒளிப்படங்களை அதன் பக்கத்தில் வைத்து, துணை மேடைகள் எங்கே வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நுழையும்போது ஒவ்வொருவருக்கும் தரப்படும் விளக்குக் கைப்பட்டைகள் பாட்டுக்கேற்ப நிறம் மாறி, அரங்கம் முழுவதையும் ஒரே ஒளிப்பரப்பாக ஆக்குகின்றன. 'யெல்லோ' பாடும்போது அரங்கமே மஞ்சளாகும் காட்சி, தரையில் ₹6,450 கொடுத்து நின்றவருக்கு முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கும் தூக்கிப் பிடித்த கைபேசிகளுக்கும் இடையே துண்டு துண்டாகத்தான் தெரியும். மேலடுக்கில் இருப்பவருக்கு அது முழுதாகத் தெரியும். 'எ ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்' பாட்டைப் பாதியில் நிறுத்தி, கைபேசிகளை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு மீண்டும் தொடங்குவது குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டினின் வழக்கம். அப்போது மொத்தக் கூட்டமும் குதிக்கும். அந்த நிமிடத்துக்காகவே போகிறேன் என்பவருக்குத் தரைதான் சரி. உயரம் குறைந்தவர்களும், நெடுநேரம் நிற்க இயலாதவர்களும், சிறுவர்களை அழைத்துச் செல்பவர்களும் தரையைத் தவிர்ப்பது நல்லது.

முழுச் செலவு

டிக்கெட்டில் அச்சிட்ட விலையை மட்டும் வைத்துப் பேசுவது பழக்கமாகிவிட்டது. அதோடு தளத்தின் சேவைக் கட்டணம் சேரும். ₹500-க்கு மேற்பட்ட இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அறிவித்த விலையில் வரி அடங்கியிருக்கிறதா, பணம் கட்டும் பக்கத்தில்தான் சேருமா என்பதை முன்னதாகவே படித்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் ரசிகருக்கு இதைவிடப் பெரிய தொகை பயணத்தில் இருக்கிறது. மும்பை நிகழ்ச்சிகள் என்று விளம்பரம் செய்யப்பட்டவை உண்மையில் நவி மும்பையின் நெருலில் உள்ள டி.ஒய். பாட்டீல் அரங்கில், 2025 ஜனவரி 18, 19, 21 தேதிகளில் நடந்தன. தென்மும்பையில் அறை எடுத்தவர் ஹார்பர் பாதை ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். இரவு நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது அதே ரயிலுக்கு அரங்கமே வரும். அகமதாபாத்தில் ஜனவரி 25, 26 தேதிகளில் நரேந்திர மோடி அரங்கில் ஓர் இரவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அந்த நாள்களில் விடுதி அறை வாடகை பல மடங்காக ஏறியது. மேற்கு ரயில்வே மும்பையிலிருந்து சிறப்பு ரயில்களை விட்டது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ போகிறவருக்கு ₹2,500 டிக்கெட்டின் உண்மையான விலை எளிதாக ₹20,000-ஐத் தாண்டும். பிரிட்டிஷ் பாடகர் எட் ஷீரன் 2025 பிப்ரவரி 5 அன்று சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் பாடியபோது, சென்னைவாசிக்கு டிக்கெட்டுக்கு மேல் ஆன செலவு மெட்ரோ கட்டணம் மட்டுமே. அன்று ஏ.ஆர். ரஹ்மானும் மேடையேறியது கூடுதல் லாபம்.

எனவே உச்சவரம்பை டிக்கெட்டுக்கு வைக்காதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்பும் வரையான மொத்தத்துக்கு வையுங்கள். பயணம், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே டிக்கெட்டுக்கான தொகை. அது மிகச் சிறியதாக இருந்தால் அந்த நிகழ்ச்சி இந்த முறை உங்களுக்கு இல்லை. அதை விற்பனை நாளுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

விலை ஏறுவதை எப்படிப் பேசுவது

ஒரு குழுவின் டிக்கெட் விலை ஏறும்போது ரசிகர் வட்டம் இரண்டாகப் பிரியும். "பணத்தாசை பிடித்துவிட்டது" என்பார்கள் சிலர். "எல்லாம் டிக்கெட் விற்கும் நிறுவனத்தின் வேலை, இவர்களுக்கு எதுவும் தெரியாது" என்பார்கள் மற்றவர்கள். இரண்டையும் ஆராயாமல் ஏற்கக் கூடாது.

கேசட்டும் குறுந்தகடும் விற்ற காலத்தில் சுற்றுப்பயணம் ஆல்பத்துக்கு விளம்பரமாக இருந்தது. ஸ்ட்ரீமிங் வந்த பிறகு பாட்டுப் பதிவால் வரும் வருவாய் மெலிந்து, சுற்றுப்பயணமே முதன்மை வருமானமாகிவிட்டது. மேடை, ஒளி, திரை, சரக்குப் போக்குவரத்து எல்லாம் பெருத்துவிட்டன. இவை உண்மையான காரணங்கள். ஆனால் எந்த முறையில் விற்பது என்பதில் குழுவுக்குச் சொல் உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. பேர்ல் ஜாம் 1994-இல் தன் டிக்கெட் 20 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று, டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தோடு மோதி, அமெரிக்க நீதித் துறையிடம் புகார் கொடுத்தது; அக்குழுவின் இருவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த விசாரணை நடவடிக்கை ஏதுமின்றி முடிக்கப்பட்டது என்பது வேறு செய்தி. 2023-இல் தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித், தேவைக்கேற்ப விலையை ஏற்றும் முறையை மறுத்து, 20 டாலர் அளவிலான டிக்கெட்டுகளையும் வைத்தார். சேவைக் கட்டணம் டிக்கெட் விலையையே எட்டியதை ரசிகர்கள் காட்டியபோது அவர் வெளிப்படையாகச் சண்டை பிடித்ததில், டிக்கெட்மாஸ்டர் டிக்கெட்டுக்கு 5 அல்லது 10 டாலரைத் திருப்பித் தந்தது.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் உள்நாட்டு நிகழ்ச்சிகளுக்கு 2022 ஜூலையில் விற்பனை தொடங்கியபோது, தேவைக்கேற்ப ஏறும் விலையில் சில டிக்கெட்டுகள் 5,000 டாலர் அளவுக்குப் போயின. 1980 முதல் அவருடைய பாட்டுகளையும் இரவுப் பட்டியல்களையும் ஆராய்ந்து எழுதிவந்த 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற ரசிகர் இதழ், அந்த மனக்கசப்பிலேயே 2023 தொடக்கத்தில் தன் வேலையை நிறுத்திக்கொண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாட்டைப் பேசிய ஓர் அமைப்பை டிக்கெட் விலை வாயடைக்க வைத்தது என்பதை எந்த ரசிகர் வட்டமும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிரிந்திருந்த பிரிட்டிஷ் குழுவான ஓயாசிஸ் மீண்டும் சேர்ந்து பாடும் நிகழ்ச்சிகளின் விற்பனை (2024 ஆகஸ்ட் 31) நமக்கு வேறொரு பாடம். 1996-இல் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் அவர்கள் பாடியபோது டிக்கெட் 22 பவுண்டு 50 பென்ஸ். 2024-இல் நின்று பார்க்கும் டிக்கெட் 148 பவுண்டு 50 பென்ஸ் என்று நம்பி மணிக்கணக்காக வரிசையில் காத்திருந்தவர்கள், உள்ளே போனபோது அதே இடத்துக்கு 355 பவுண்டு 20 பென்ஸ் கேட்கப்பட்டதைக் கண்டார்கள். கணினி நொடிக்கு நொடி விலையை ஏற்றுகிறது என்று எல்லோரும் கொதித்தார்கள். பிரிட்டனில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்தபோது, ஒரே இடத்துக்கு முன்பே இரண்டு விலைகள் வைக்கப்பட்டிருந்ததும், மலிவானவை தீர்ந்த பின் மற்றவை விற்கப்பட்டதும் தெரிந்தது. இத்தகைய அடுக்கு விலை இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே ரசிகர்களுக்குச் சொல்ல டிக்கெட்மாஸ்டர் 2025 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் "முதல் கட்டம்", "இரண்டாம் கட்டம்", "ஏர்லி பேர்ட்" என்று வருவதும் இதே வகைதான். அறிவிப்பில் ஒரே ஒரு விலையைப் போட்டு, பக்கத்தில் "முதல்" என்ற சொல் இருந்தால், அடுத்த கட்டத்தின் விலையையும் உங்கள் உச்சவரம்போடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனை நாள்

கணக்கு தொடங்குவது, கைபேசி எண்ணை உறுதி செய்வது, கார்டு விவரத்தைச் சேமிப்பது ஆகியவற்றை முதல் நாளே முடித்துவிடுங்கள். தளத்தின் காத்திருப்பு அறை (விற்பனை தொடங்கும் வரை வாங்குவோரை நிறுத்திவைக்கும் பக்கம்) திறந்ததும் உள்ளே போய்விட்டு, பக்கத்தைப் புதுப்பிக்காமல் விடுங்கள். பதற்றத்தில் புதுப்பிப்பவர் வரிசையின் கடைசிக்குப் போகக்கூடும். ஒரே கணக்கைப் பல கருவிகளில் திறப்பதும் வேண்டாம்.

ஒருவருக்கு எத்தனை டிக்கெட் என்ற வரம்பைக் கவனியுங்கள். கோல்ட்ப்ளே விற்பனையில் எட்டாக இருந்த வரம்பு பிறகு நான்காகக் குறைக்கப்பட்டது. வட்டத்தில் எட்டுப் பேர் இருந்தால் நான்கு நான்காகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவிலும் இருவராவது வரிசையில் நிற்பது நல்லது. வாங்குகிறவர் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: முதல் விருப்பம் எந்தப் பகுதி, அது இல்லையென்றால் எது, எந்த விலைக்கு மேல் வாங்காமல் வெளியே வர வேண்டும். "எவ்வளவானாலும் எடு" என்ற வாட்ஸப் செய்தியை அந்த நேரத்தில் யாரும் அனுப்பக் கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கிடைக்காவிட்டால்

முதல் நாள் டிக்கெட் கிடைக்காதவர் செய்ய வேண்டிய வேலை பொறுத்திருப்பதுதான். மும்பைக்கு முதலில் இரண்டு நாள்களே அறிவிக்கப்பட்டன. மூன்றாவது நாள் விற்பனை நாளன்றே சேர்ந்தது. நவம்பரில் அகமதாபாத் நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டு, அங்கேயும் இரண்டாவது நாள் சேர்ந்தது. அதே மாதத்தில், இருக்கை எங்கே என்று முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டிரண்டாக மட்டுமே விற்கப்படும் ₹2,000 விலையிலான 'இன்ஃபினிட்டி' டிக்கெட்டுகள் வந்தன. இந்தக் குழு இந்த வகை டிக்கெட்டை மற்ற நாடுகளிலும் விற்றுவந்தது ரசிகர்களுக்குத் தெரியும். பாட்டுப் பட்டியலைத் தேடும்போதே குழுவின் விற்பனை வழக்கத்தையும் தேடிப் படித்தவர்கள் செப்டம்பரில் பதறவில்லை.

மறுவிற்பனைத் தளங்களில் அப்போது சில டிக்கெட்டுகளுக்கு லட்சங்களில் விலை சொல்லப்பட்டது. அவற்றோடு தனக்குத் தொடர்பில்லை என்று புக்மைஷோ அறிவித்தது. அமலாக்கத் துறை அக்டோபரில் பல நகரங்களில் சோதனையும் நடத்தியது. அயர்லாந்து 2021-இலேயே அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைச் சட்டத்தால் தடுத்தது. அத்தகைய பாதுகாப்பை இங்கே எதிர்பார்த்து வாங்காதீர்கள். டிக்கெட்டின் படத்தைக் காட்டிப் பணம் கேட்பவர், அதே படத்தை இன்னும் பத்துப் பேருக்கும் காட்டியிருக்க முடியும். நேரில் அறிந்தவரிடம், அச்சிட்ட விலைக்கு, அவருடைய கணக்கிலிருந்தே முறையாக மாற்றித் தரச் சொல்லி வாங்குவதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். போக முடியாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் வரலாம்: ஜனவரி 26 அகமதாபாத் நிகழ்ச்சி டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாரில் நேரலையாக வந்தது, வட்டமாகக் கூடிப் பார்த்தவர்களுக்குக் காட்சியும் ஒலியும் பல இருக்கைகளைவிடத் தெளிவாகவே கிடைத்தன.

வட்டத்துக்குள் பணப் பேச்சு

அதிக விலை கொடுத்தவர் பெரிய ரசிகர் என்ற தொனி வட்டத்தில் நுழைந்துவிட்டால், வசதி குறைந்தவர்கள் பாட்டைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் விலை விவாதத்தையும் பாட்டு விவாதத்தையும் தனித்தனி நாள்களில் வைத்துக்கொள்வது நல்லது. யார் எவ்வளவுக்கு வாங்கினார் என்பதை அவரே சொன்னாலன்றிக் கேட்காதீர்கள்.

ஒருவர் எல்லோருக்காகவும் வாங்கினால், பணத்தை விற்பனைக்கு முன்பே அவரிடம் சேர்த்துவிடுங்கள். இடையில் யாராவது விலகினால், அவருடைய டிக்கெட்டை வட்டத்தில் காத்திருப்பவருக்கு அச்சிட்ட விலைக்கும் கட்டணத்துக்கும் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி தள்ளிப்போனால் பழைய டிக்கெட்டே செல்லுமா, பணம் திரும்புமா என்பதை விதிமுறைகளில் படித்துவிட்டு, டிக்கெட்டின் படம், பணம் கட்டிய சான்று, உறுதிச் செய்தி மூன்றையும் எடுத்து வையுங்கள். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2023 ஆகஸ்ட் 12 அன்று நடக்கவிருந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சி மழையால் செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போனது. அன்றைய நெரிசலில் டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாதவர்கள் பலர். அவர்கள் டிக்கெட்டின் நகலையும் குறையையும் அனுப்பும்படி ரஹ்மான் கேட்டுக்கொண்டபோது, நகலை வைத்திருந்தவர்களுக்கே அந்த வேலை எளிதாக இருந்தது. அந்த மூன்று படங்களையும் வாங்கியவரின் கைபேசியில் மட்டும் வைக்காமல் வட்டத்தில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.